கணினியில் தூரிகை பிடிக்கலாம், வாங்க

நம்ம இளைஞர் பிரிவுகளில் ஒரு வழக்கம் இருக்கு. ஒருத்தருக்குக் கணினியில் கொஞ்சம் கை ஓடும்னு தெரிஞ்சா போதும், தீபாவளி விருந்துக்கு பன்டிங், தேவாரப் போட்டிக்குச் சான்றிதழ், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்குப் பதாகை என்று எல்லாமே அவர் தலையில் வந்து விழும். நானும் அப்படி மாட்டியவன்தான். பொறியியல் மாணவன், ஓவியம் முறையாகக் கற்றவன் இல்லை. கிள்ளானிலிருந்து கேஎல் செண்ட்ரலுக்கு கொமுட்டர் ரயிலில் போய் வரும் நேரத்தில் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம்மில் பலர் பதாகை செய்யும் முறை உங்களுக்கே தெரியும். இணையத்தில் ஒரு முருகன் படம் தேடி, பின்னணியை வெட்டி, மேலே எழுத்தைப் போட்டு, புலனக் குழுவில் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. இடப்பக்கக் கருவிப் பட்டையில் ஒரு தூரிகை இருப்பதைப் பார்ப்போம், ஆனால் தொட மாட்டோம். தொட்டால் கோணல்மாணலாக ஒரு கோடு வரும், உடனே அழித்துவிடுவோம். இந்தப் பாடம் அந்தத் தூரிகையைப் பற்றி மட்டும்.

மென்பொருள் பற்றி முதலில் சுருக்கமாக. ஃபோட்டோஷாப் தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அண்ணன் தம்பி இருவர் தொடங்கியது. 1990-இல் சந்தைக்கு வந்தது. மாதச் சந்தா கட்ட வேண்டும். கட்ட முடியவில்லையென்றால் திருட்டுப் பதிப்புக்குப் போக வேண்டாம், கிம்ப் இருக்கிறது. ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள், கிட்டத்தட்ட நம்ம வயசுக்காரங்க, எழுதி 1996-இல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. வரைவதற்கென்றே கிரிட்டா இருக்கிறது, அதுவும் இலவசம். கீழே சொல்வதில் பெரும்பகுதி மூன்றுக்கும் பொருந்தும்.

கோடு இல்லை, புள்ளி

தூரிகையைப் பற்றி ஒரே ஒரு விஷயம் புரிந்தால் பாதி பாடம் முடிந்த மாதிரி. திரையில் நாம் இழுப்பது கோடு போலத் தெரிந்தாலும், கணினி கோடு எதையும் இழுப்பதில்லை. அது முத்திரை குத்துகிறது. அஞ்சல் நிலையத்தில் ரப்பர் முத்திரையைத் டக் டக்கென்று குத்துவார்களே, அதே மாதிரி ஒரு சின்ன வட்டத்தை நம் கை போகும் வழியெல்லாம் குத்திக்கொண்டே போகிறது. குத்துகள் நெருக்கமாக இருப்பதால் நம் கண்ணுக்குக் கோடாகத் தெரிகிறது.

எவ்வளவு நெருக்கம் என்பதைச் சொல்வதுதான் ஸ்பேசிங். தூரிகையின் அகலத்தில் எத்தனை விழுக்காடு தள்ளி அடுத்த குத்து விழ வேண்டும் என்ற கணக்கு அது. ஃபோட்டோஷாப்பில் வட்டத் தூரிகைக்கு வழக்கமாக 25 விழுக்காடு இருக்கும். அதையே 100-க்கு மேல் ஏற்றிப் பாருங்கள். கோடு உடைந்து தனித்தனிப் புள்ளியாகிவிடும்.

புள்ளி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? எனக்குக் கோலம்தான். ஆகவே முதல் பயிற்சியே புள்ளிக் கோலமாக இருக்கட்டும்.

1000-க்கு 1000 பிக்சல் அளவில் ஒரு கறுப்புத் தாளைத் திறங்கள். வெள்ளை நிறம், 20 பிக்சல் வட்டத் தூரிகை, ஓரம் கூர்மையாக. ஸ்பேசிங் 500 விழுக்காடு. 20-இன் ஐந்து மடங்கு 100. ஆக, 100 பிக்சலுக்கு ஒரு புள்ளி விழும். இடப்பக்கத்திலிருந்து 200, மேலிருந்து 200 என்ற இடத்தில் ஒரு சொடுக்கு. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே, நேர் வலப்புறம் 800-ஐச் சற்றே தாண்டி இன்னொரு சொடுக்கு. ஏழு புள்ளி வரிசையாக நிற்கும். அந்த அடுக்கைப் படியெடுத்து 100 பிக்சல் கீழே இறக்குங்கள். இப்படி ஏழு வரிசை. ஏழுக்கு ஏழு நேர்ப்புள்ளி தயார். நம்ம அம்மாக்கள் குனிந்து நின்று கண் அளவிலேயே இதைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள், அது வேற கதை.

இனி சுற்றிக் கட்டும் இழை. ஸ்பேசிங்கைத் திரும்பவும் 10-க்குக் கீழே இறக்கிவிட்டு, புதிய அடுக்கில் வரையுங்கள். கை நடுங்கினால் கவலை வேண்டாம். மூன்று மென்பொருளிலும் கோட்டை மென்மையாக்கும் வசதி ஒன்று இருக்கிறது; தூரிகை நம் கைக்குக் கொஞ்சம் பின்னால் வந்து நடுக்கத்தை உறிஞ்சிக்கொள்ளும். கூடவே கிம்ப்பில் சிமெட்ரி பெயிண்டிங் என்ற பலகையைத் திறந்து மண்டலாவைத் தேர்ந்து எண் நான்கு கொடுத்தால், நீங்கள் ஒரு மூலையில் வரைவது நான்கு மூலையிலும் சுழன்று விழும். கிரிட்டாவில் மல்டிபிரஷ் இதே வேலையைச் செய்யும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணாடியில் பார்ப்பது போன்ற சமச்சீர் வேறு, சுழற்றினால் பொருந்தும் சமச்சீர் வேறு. பல சிக்குக் கோலங்களைக் கால் சுற்று திருப்பினால் அப்படியே பொருந்தும். ஆனால் கண்ணாடியில் காட்டினால் இழை மேலும் கீழுமாகப் பின்னும் திசை மாறிவிடும். கண்ணாடிச் சமச்சீரை மட்டும் வைத்து வரைந்தால் அந்தப் பின்னல் வரவே வராது. பூ மாதிரி ஏதோ ஒன்று வரும். கடைத்தொகுதிகளில் அரிசிக் கோலம் என்ற பெயரில் பார்க்கும் பாதி வடிவங்கள் இந்த வகைதான் என்பது என் அபிப்பிராயம். அழகுதான், ஆனால் சிக்கு இல்லை.

இதெல்லாம் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974-இலேயே கோலத்தைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுத முடியும் என்று ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். நம்ம வாசலில் தினமும் அழிந்து போகிற ஒன்று, அன்றைக்கே உலக அளவில் கணினி வரைகலைப் பாடமாகிவிட்டது. என் வகுப்பில் இதைச் சொன்னால் நம்ம பிள்ளைகளே நம்ப மாட்டேங்கிறாங்க.

அடர்த்தியும் ஓட்டமும்

ஒபாசிட்டி, ஃபுளோ. இந்த இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை.

ஒபாசிட்டி என்பது ஓர் இழுப்புக்கான உச்சவரம்பு. 30 விழுக்காடு வைத்துவிட்டு, கையை எடுக்காமல் ஒரே இடத்தில் எத்தனை முறை தேய்த்தாலும் 30-ஐத் தாண்டாது. கையை எடுத்துவிட்டு மறுபடி தேய்த்தால் 51 ஆகும். மீதி இருந்த 70-இல் 30 விழுக்காடு, அதாவது 21, சேர்ந்துகொள்கிறது.

ஃபுளோ அப்படியில்லை. அது ஒவ்வொரு குத்துக்கும் தனித்தனி. 10 விழுக்காடு ஃபுளோ வைத்து ஒரே இடத்தில் ஐந்து குத்து விழுந்தால் 41 விழுக்காடு மூடும், பத்து விழுந்தால் 65, இருபது விழுந்தால் 88. தேய்க்கத் தேய்க்க ஏறும். நெற்றியில் திருநீற்றை ஒரு தடவை பூசுவதற்கும் இரண்டு மூன்று தடவை பூசுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விளக்கொளி, சாம்பிராணிப் புகை, மேகம் மாதிரி மென்மையாக ஏற வேண்டியதற்கு ஃபுளோவைக் குறையுங்கள். ஒரே சீரான நிழல் வேண்டுமென்றால் ஒபாசிட்டி.

சுட்டெலியால் இதையெல்லாம் செய்யலாம். ஆனால் சுட்டெலிக்கு அழுத்தம் தெரியாது. அமுக்கினாயா இல்லையா, அவ்வளவுதான். அழுத்தம் தெரிய வேண்டுமென்றால் பேனாப் பலகை வேண்டும். நான் வாங்கியது இருநூறு ரிங்கிட்டுக்கும் குறைவு. பேனாவுக்குள் பேட்டரி கிடையாது. பலகைக்குள் இருக்கும் கம்பிச் சுருள்கள் மின்காந்த அலையை அனுப்ப, பேனாவுக்குள் இருக்கும் சின்னச் சுற்று அதற்கு ஒத்ததிர்ந்து பதில் சொல்கிறது. முனையை அழுத்தினால் அதிர்வெண் லேசாக மாறும். அதுதான் அழுத்தக் கணக்கு. மின்னியல் வகுப்பில் தூங்கிக்கொண்டே கேட்ட ஒத்ததிர்வுப் பாடம் இப்படி வந்து கையில் உட்காரும் என்று நான் நினைக்கவில்லை.

சொந்தத் தூரிகை

இணையத்தில் ஆயிரக்கணக்கில் தூரிகைகள் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை பனி, ஐரோப்பிய மரம், கிறிஸ்துமஸ் நட்சத்திரம். நமக்கு வேண்டியது நம்ம சமையலறையில் இருக்கிறது.

கறுப்பு அட்டையில் கோலமாவை விரலிடுக்கில் எடுத்து ஒரு கோடு இழுங்கள். ஓரத்தில் சிதறிய மாவைத் துடைக்க வேண்டாம், அதுதான் அழகே. சன்னல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து கைப்பேசியில் படம் எடுங்கள். கணினியில் திறந்து கறுப்பு வெள்ளையாக்கி, மாறுபாட்டை நன்றாக ஏற்றுங்கள். இப்போது நிறத்தைத் தலைகீழாக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் கண்ட்ரோல் விசையும் ஐ எழுத்தும். ஏன் என்றால், தூரிகை செய்யும்போது மென்பொருள் கறுப்பு இருக்கும் இடத்தில் வண்ணம் வைக்கும், வெள்ளை இருக்கும் இடத்தை வெறுமையாக விடும். நம் படத்தில் மாவு வெள்ளை, அட்டை கறுப்பு. மாற்றாமல் விட்டால் அட்டைதான் தூரிகையாகும்! மாற்றிய பிறகு எடிட் மெனுவில் டிஃபைன் பிரஷ் பிரீசெட். கிம்ப்பில் இன்னும் சுலபம்: வேண்டிய பகுதியைத் தேர்ந்து படியெடுத்தாலே அது தற்காலிகத் தூரிகையாகத் தூரிகைப் பலகையில் வந்து நிற்கும். நிரந்தரமாக வேண்டுமென்றால் தூரிகைக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளலாம்.

கோடு முழுவதையும் தூரிகையாக்க வேண்டாம், சின்னதாக ஒரு துண்டு போதும். குத்துகள் ஒரே மாதிரி விழுந்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். அதனால் கோணமும் அளவும் குத்துக்குக் குத்து மாறும்படி அமைப்பில் கொஞ்சம் குலுக்கல் கொடுங்கள். அளவையும் முன்னதாகவே யோசியுங்கள். ஏ3 சுவரொட்டியை அச்சுத் தரத்தில் செய்தால் 3508-க்கு 4961 பிக்சல் வரும். அதில் 200 பிக்சல் தூரிகை தாளில் வெறும் 17 மில்லிமீட்டர்தான். சிறிய தூரிகையைப் பெரிதாக இழுத்தால் மங்கிப் போகும். பெரிதாகவே செய்து வைத்துக்கொண்டு சுருக்குவது நல்லது.

இதே வழியில் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் நாலைந்து மல்லிகை மொட்டுகளை, கடைக்கார அக்காவிடம் கேட்டுவிட்டு, தனித்தனியாகப் படம் எடுத்து வந்தேன். ஃபோட்டோஷாப் தூரிகை நிறத்தைத் தாங்காது, உருவத்தை மட்டும்தான் வைத்துக்கொள்ளும். கிம்ப் பல படங்களை நிறத்தோடு ஒரே தூரிகையில் அடுக்கி, மாறி மாறிக் குத்தும். ஒரே இழுப்பில் மாலை. போன ஆண்டு எங்கள் அழைப்பிதழின் ஓரம் முழுவதும் அந்த மாலைதான். யாரும் கவனிக்கவில்லை என்பது தனி வருத்தம்.

அடுக்குகள் பற்றி ஒரு வார்த்தை. எதையும் மூலப் படத்தின் மேல் நேராகத் தீட்டாதீர்கள். எப்போதும் புதிய அடுக்கு. ஃபோட்டோஷாப்பில் அடுக்கு வந்தது 1994-இல்தான், ஆனால் யோசனை பழசு. நம்ம பாட்டி வீட்டுச் சாமி அறைகளில் தொங்கும் நாட்காட்டிப் படங்களின் பரம்பரைக்குக் கோவில்பட்டி கொண்டையா ராஜு ஒரு பெரிய பெயர். 1898-இல் பிறந்து 1976-இல் மறைந்தவர். உருவத்தை அவர் தீட்ட, பின்னணியைச் சீடர் சுப்பையா தீட்டிய படங்கள் உண்டு. ஒருவர் பகுதியை இன்னொருவர் கெடுக்காமல் வேலை செய்வது என்பது அடுக்கின் தத்துவமேதான். இளைஞர் பிரிவில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு பதாகை செய்யும்போது இதை முயற்சி செய்து பாருங்கள், சண்டை குறையும்.

பழைய படத்தைத் தொடும்போது

தூரிகை படிப்பதில் எனக்கு மிகவும் உதவியது பதாகை இல்லை, பழைய புகைப்படம். நம் நாட்டு ஈரப்பதத்தில் பழைய படங்களுக்குப் பூசணம் பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். தோட்டத்திலிருந்து நகரத்துக்கு மாறி வந்த குடும்பங்களில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரு பிஸ்கட் டின்னில் அடங்கும் படங்கள்தான். அவற்றைக் கைப்பேசியில் எடுக்காதீர்கள். ஸ்கேன் செய்யுங்கள், 600 புள்ளி அடர்த்தியில்.

இதற்கு இரண்டு தூரிகைகள். குளோன் தூரிகை ஓரிடத்தில் இருப்பதை அப்படியே எடுத்து இன்னோரிடத்தில் வைக்கும். ஹீலிங் தூரிகை எடுத்து வைப்பது மட்டுமில்லாமல், வைக்கும் இடத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ப அதைச் சரிசெய்யும். ஃபோட்டோஷாப்புக்கு இது 2002-இல் வந்தது, கிம்ப்புக்கு 2007-இல். கிம்ப் இதற்குப் போடும் கணக்கு லாப்லாஸ் சமன்பாடு. ஒரு தகட்டின் விளிம்புகளில் வெப்பநிலை தெரிந்தால் நடுவில் எவ்வளவு இருக்கும் என்று தேர்வில் எழுதுவோமே, அதேதான். வெப்பத்துக்குப் பதில் வெளிச்சம்.

சுவர், வானம், கன்னம் போன்ற சீரான இடங்களில் ஹீலிங் அற்புதமாக வேலை செய்யும். ஆனால் சேலைக் கரை, வேட்டி ஓரம், தூண் விளிம்பு போன்ற கூர்மையான இடத்துக்குப் பக்கத்தில் அது பக்கத்து நிறத்தையும் இழுத்துவந்து சேறாக்கிவிடும். அங்கே குளோன்தான். காலியான புதிய அடுக்கில் வேலை செய்து, எல்லா அடுக்கிலிருந்தும் மாதிரி எடுக்கும்படி அமைத்துக்கொண்டால் மூலப் படத்தில் ஒரு பிக்சல்கூட மாறாது.

எங்கள் பாட்டியிடம் தாத்தாவின் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. காப்பார் பக்கம் தோட்டத்தில் இருந்தபோது, மாரியம்மன் கோயில் திருவிழாவில், கோயில் வாசலில் இருவரும் நிற்கும் படம். தோட்டமும் இல்லை, லயமும் இல்லை, இப்போது அங்கே வீடமைப்புப் பகுதி. சுவரில் இருந்த பூசணம், பாட்டியின் சேலை மேல் ஓடிய மடிப்பு, கிழிந்த மூலை எல்லாம் நான்கு இரவுகளில் சரியாகிவிட்டது. மிச்சம் இருந்தது தாத்தாவின் முகம். வலது கண்ணும் புருவமும் பூசணத்தில் முழுசாகப் போயிருந்தன.

தொழில்நுட்பத்தில் அதற்கு வழி இருக்கிறது. இடது கண்ணைப் படியெடுத்துத் திருப்பி வைக்கலாம். ஒரு பொத்தானை அமுக்கினால் செயற்கை நுண்ணறிவே ஒரு கண்ணைச் செய்து கொடுத்துவிடும். பத்து நிமிட வேலை. மாமாகூட, “முடிச்சுடுப்பா, பெருசா அடிச்சு மாட்டலாம்” என்றார். தொடுவதற்கு முன்னால் பாட்டியிடம் கேட்டேன்.

“அந்தப் பக்கம் புருவத்துல ஒரு வெட்டு இருக்கும்பா. பால் வெட்டுறப்ப உளி பட்டுருச்சு. அங்க முடியே மொளைக்கல.”

“எவ்ளோ பெருசு பாட்டி?”

பாட்டி தன் புருவத்தில் விரலை வைத்துப் பார்த்தார். கொஞ்சம் நகர்த்தினார். “இங்கயா… இல்ல, இன்னும் உள்ள. சரியா சொல்ல வரல.”

மாமாவுக்கு அந்தத் தழும்பே தெரியாது. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது தாத்தா தவறிவிட்டார்.

இடது கண்ணைத் திருப்பி வைத்திருந்தால் படத்தில் வெட்டே இல்லாத ஒருவர் நின்றிருப்பார். இன்னும் இருபது வருஷத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர்தான் தாத்தா. பாட்டி சொன்னதை வைத்து ஒரு தழும்பை வரைந்திருந்தால் அது என் ஊகம். இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. பச்சை படர்ந்திருந்த பூசணத்தின் நிறத்தை மட்டும், ஃபுளோ 5 விழுக்காட்டில், முகத்தின் சாயலுக்குக் கொண்டுவந்தேன். அந்த இடம் இப்போது நிழல் விழுந்த மாதிரி இருக்கிறது. கண்ணை உறுத்தவில்லை, ஆனால் அங்கே எதுவும் வரையப்படவில்லை. மாமாவுக்குக் கொஞ்சம் மனக்குறைதான். பாட்டி அதைச் சாமி அறைக்கு வெளியே மாட்டச் சொன்னார். மூலப் படம் திரும்பவும் டின்னுக்குள் போய்விட்டது, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு.

உங்கள் வீட்டுப் படத்துக்கு நீங்கள் வேறு முடிவு எடுக்கலாம். எடுப்பதற்கு முன்னால், அந்த முகத்தைப் பார்த்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே, கேட்டுவிடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம்

படத்தை இடவலமாகத் திருப்பும் பொத்தான் எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. எழுத்துக்கு இடம் வேண்டும் என்று சாமி படத்தை அப்படித் திருப்பாதீர்கள். ஒரு விழா பன்டிங்கில் இடம்புரிப் பிள்ளையார் வலம்புரியாக நின்றதைப் பார்த்திருக்கிறேன். உடைந்த தந்தமும் பக்கம் மாறியிருந்தது. வடிவமைத்தவருக்குத் தெரியவில்லை, வாசலில் நின்ற ஒரு பெரியவர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். சமச்சீர்த் தூரிகைக்கும் இதே எச்சரிக்கை. கோலத்துக்கு அது வரம். முருகனுக்குப் போட்டால் இரண்டு கையிலும் வேல் வந்துவிடும்.

அடுத்தது நிறம். வெளுப்பாக்கும் டாட்ஜ் தூரிகையை விழாப் படங்களில் எங்கே அதிகம் பயன்படுத்துகிறோம் என்று யோசியுங்கள். “கொஞ்சம் வெள்ளையாக்கிவிடு தம்பி” என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்! பத்துமலை வெயிலில் காவடி எடுத்து வந்தவரின் முகத்தில் நிழல் அடித்திருந்தால் அதைத் தூக்கிவிடலாம், அது வெளிச்சக் குறை. அவர் தோலின் நிறம் குறை இல்லை. நான் கேட்பவர்களிடம் “வெளிச்சம் சரி பண்றேன் அக்கா, கலர் மாத்த மாட்டேன்” என்று சொல்லிவிடுவேன். முதலில் கோபப்படுவார்கள், படம் கைக்கு வந்ததும் அதே படத்தைத்தான் முகநூலில் போடுவார்கள்.

செய்த தூரிகைகளைச் சேமிக்கும்போது தமிழிலேயே பெயர் வையுங்கள்: கோலமாவு, மல்லிகை, திருநீறு. ஃபோட்டோஷாப் தூரிகைக் கோப்பை கிம்ப்பும் கிரிட்டாவும் திறக்கும், ஆகவே யார் எந்த மென்பொருள் வைத்திருந்தாலும் பகிர்ந்துகொள்ளலாம். புலனத்தில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். அடுத்த தீபாவளி பன்டிங் இரண்டுக்கு ஐந்து அடி என்றால், 100 புள்ளி அடர்த்தியில் 2400-க்கு 6000 பிக்சல் தாளை இன்றைக்கே திறந்து, ஒரு மூலையில் ஏழு புள்ளியிலிருந்து ஆரம்பிக்கலாம்.